இலத்தீனின் இரண்டு ‘இன்’கள்

இலத்தீனைத் தாமாகவே படித்துவரும் ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: “முன்னொட்டுப் பட்டியலில் இன்- என்றால் ‘இல்லை’ என்று போட்டிருந்தது. மனப்பாடம் செய்துவிட்டேன். இன்சானுஸ் என்றால் புத்தி சுவாதீனம் இல்லாதவன், சரியாக இருக்கிறது. ஆனால் இன்ஸ்கிரீபோ என்றால் ஒன்றின்மேல் எழுதுவதாம். இன்கெந்தோ என்றால் தீ வைப்பதாம். பட்டியல் பிழையா, என் புரிதல் பிழையா?” மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு முன்னொட்டின் பொருளைக் கேட்பதுபோல் இருக்கிறது. அவருக்கு வேண்டியது அதைவிடப் பெரியது. முன்பின் பார்த்திராத ஒரு சொல் இன்- என்று தொடங்கினால், அகராதியைத் திறப்பதற்கு முன்பே அது எந்தப் பக்கத்துச் சொல் என்று ஊகிக்க வழி உண்டா என்பதுதான் கேள்வி. வழி உண்டு. ஆனால் அது பட்டியலில் கிடைக்காது.

குருமட மாணவர்களுக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் இலத்தீன் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்தவன் நான். வகுப்பறைப் பழக்கம் உண்டே தவிர, மொழியியல் ஆய்வு செய்தவனல்ல. சொற்களின் பூர்விகத்தைப் பேசும் இடங்களில் அந்தத் துறையினர் ஏற்றுக்கொண்ட முடிவைத்தான் சொல்கிறேன். அவர்களே பிணங்கும் இடங்களையும் காட்டிவிடுகிறேன். உச்சரிப்பைப் பொறுத்தவரை, பழைய ரோமானியர் ஒலித்த விதத்தை ஒட்டித் தமிழில் எழுதுகிறேன். கோயிலில் கேட்கும் இத்தாலிய வழி உச்சரிப்பு வேறு. ஜெப வரிகளை மட்டும் அதன்படி எழுதுகிறேன்.

முதலில் சந்தேகத்துக்கு இடமில்லாததைச் சொல்லிவிடுகிறேன். இலத்தீனில் இன்- என்ற ஒலியில் இரண்டு முன்னொட்டுகள் இருக்கின்றன. இரண்டும் வேறுவேறு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று எதிர்மறை. இதற்கு உடன்பிறந்தவை கிரேக்கத்தின் அ-, அன்-, ஆங்கிலத்தின் அன்-, சமஸ்கிருதத்தின் அ-, அன்-. நாம் தினமும் சொல்லும் அநியாயம், அநீதி, அசுத்தம், அனாவசியம் எல்லாவற்றிலும் முன்னால் நிற்பது இந்தக் குடும்பத்து உறுப்பினர்தான். தமிழின் சொந்த எதிர்மறை சொல்லின் பின்னால் வரும். முன்னால் வருகிற இந்த அ- வடமொழிச் சொற்களோடு நமக்கு வந்தது. ரோமானியரின் ‘இன்யூரியா’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘யூஸ்’ என்றால் நீதி, உரிமை. முன்னால் இன்-. ஆக, எழுத்துக்கு எழுத்து ‘அநீதி’. ஆங்கிலத்தில் அது ‘இஞ்சுரி’ ஆகி உடற்காயமாகச் சுருங்கிவிட்டது. மூலத்தில் அது சட்டத்துக்குப் புறம்பான தீங்கு.

இரண்டாவது இன்-, ‘உள்ளே, மேலே, நோக்கி’ என்று இடத்தையும் திசையையும் காட்டுவது. தனிச்சொல்லாகவும் வரும். இதன் பழைய வடிவம் ‘என்’. கிரேக்கத்தில் அது அப்படியே நிற்கிறது. எதிர்மறை முன்னொட்டும் இலத்தீனில் ஒரு கட்டத்தில் ‘என்-’ ஆகி, பிறகு இரண்டும் சேர்ந்து இன்- ஆகிவிட்டன. இது ஊகமில்லை என்பதற்கு இலத்தீனின் பக்கத்து வீடான உம்பிரிய மொழி சாட்சி. இத்தாலியில் குப்பியோ நகரத்து வெண்கலப் பட்டயங்கள் அந்த மொழியில் உள்ளவை. அவற்றில் பகைவர்மேல் சாபம் இடும் வேண்டுதலில், ஈட்டி ஏந்திய இளைஞர் ‘ஹொஸ்தாத்து’ என்றும் ஏந்தாதவர் ‘அன்ஹொஸ்தாத்து’ என்றும் வருகிறார்கள். அங்கே எதிர்மறை ‘அன்-’ ஆகவே நின்றுவிட்டது. ‘உள்ளே’ என்பதற்கு ‘என்’. ஒரே சட்டை போட்டுக்கொண்டது இலத்தீனில் மட்டும் நடந்த விபத்து.

என் மாணவர்களுக்கு இதைப் புரியவைக்க நான் எடுத்தது அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடமான விசுவாசப் பிரமாணம். அதன் தொடக்கத்திலேயே கடவுளை ‘காணப்படுபவை, காணப்படாதவை’ யாவற்றையும் படைத்தவர் என்கிறோம்; அந்தக் காணப்படாதவைதான் ‘இன்விசிபிலியும்’. சில வரிகள் தள்ளி, எல்லோரும் தலைவணங்கும் இடத்தில், ‘இன்கார்னாத்துஸ் எஸ்த்’ என்று வருகிறது. ‘காரோ’ என்றால் சதை. இயேசு சதைக்குள் வந்தார், உடல் எடுத்தார். மனப்பாடப் பட்டியலின்படி போனால் ‘சதையில்லாதவர் ஆனார்’ என்று வரும். திருச்சபை பழைய காலத்தில் கண்டித்த கொள்கைகளில் ஒன்றுக்கு மிக அருகில் போய்விடுவோம். ஒரே ஜெபத்தில், ஒரே மூச்சில், இரண்டு இன்-களும். கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் ‘நே நோஸ் இந்தூக்காஸ் இன் தெந்தாத்சியோனெம்’ என்ற வரியில் இரண்டாவது இன்- இருமுறை வருகிறது: வினைக்குள் ஒட்டிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை. ‘உள்ளே நடத்திச் செல்லாதேயும், சோதனைக்குள்.’ தமிழில் ‘சோதனையில் விழவிடாதேயும்’ என்று அழகாகச் சமாளித்திருக்கிறார்கள்.

இனி வழி. இன்-ஐப் பார்க்காதீர்கள், அதற்குப் பின்னால் நிற்பது என்ன வகைச் சொல் என்று பாருங்கள். பின்னால் நிற்பது வினையானால், அநேகமாக அது ‘உள்ளே, மேலே’. பின்னால் நிற்பது பெயரடையானால் அநேகமாக ‘இல்லை’. எதிர்மறை இன்- வினைமுற்றோடு நேராக ஒட்டாது என்பது இலத்தீனின் உறுதியான பழக்கங்களில் ஒன்று. ‘அறிகிறேன்’ என்பது ‘ஸ்கியோ’. ‘அறியேன்’ என்று சொல்ல ரோமானியன் ‘இன்ஸ்கியோ’ என்று சொல்லவில்லை, ‘நெஸ்கியோ’ என்றான். விரும்பேன் என்பதற்கு ‘நோலோ’, இயலாது என்பதற்கு ‘நெக்வெயோ’. எல்லாம் ந-வில் தொடங்குபவை. ஆனால் அதே வினை பெயரெச்சம்போல் மாறி ‘அறியாத’ என்று வரும்போது ‘இன்ஸ்கியென்ஸ்’ ஆகிவிடுகிறது. பெயரடையின் தன்மை வந்தவுடன் இன்- வந்து ஒட்டிக்கொள்கிறது.

‘அநேகமாக’ என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. எதிர்மறைப் பெயரடை ஒன்று முதலில் உருவாகி, அதிலிருந்து வினை பிறந்தால், அந்த வினையிலும் இல்லாமை தங்கிவிடும். ‘ஃபிர்முஸ்’ உறுதியானது, ‘இன்ஃபிர்முஸ்’ உறுதியற்றது, அதிலிருந்து ‘இன்ஃபிர்மோ’, வலுவிழக்கச் செய்கிறேன். இப்படிப்பட்டவை பெரும்பாலும் ‘-ஆரே’ என்று முடியும் வினைகள். எதிர்ப்பக்க விலக்கும் உண்டு. ‘-பிலிஸ்’ என்று முடியும் பெயரடை இன்-இல் தொடங்கினால் பத்துக்கு ஒன்பது எதிர்மறை என்று மாணவர்கள் நம்பிவிடுவார்கள். ரோமானியக் கவிஞர் ஹொராஸ் கவிஞர்களை ‘இர்ரிதாபிலே’ இனம் என்கிறார். எரிச்சல் வராத இனம் என்று ஒரு பையன் மொழிபெயர்த்தான். கவிஞர்களைத் தெரிந்தவர்கள் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘இர்ரீத்தோ’, சீண்டுகிறேன், என்ற வினையிலிருந்து வந்த சொல் அது: சீண்டினால் சிலிர்த்துக்கொள்ளும் இனம்.

உண்மையான வம்பு, ‘செய்யப்பட்ட’ என்ற பொருள் தரும் பெயரெச்சங்களில்தான் இருக்கிறது. அவை பாதி வினை, பாதி பெயரடை. அதனால் இரண்டு இன்-களும் வந்து ஒட்டும். ‘இன்ஃபெக்துஸ்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ஃபாக்கியோ’ என்றால் செய்கிறேன், ‘ஃபாக்துஸ்’ செய்யப்பட்டது. இன்ஃபெக்துஸ் என்றால் செய்யப்படாதது. ‘இன்ஃபெக்தா ரே’ என்றால் போன காரியம் முடியாமல். தூது போனவன் வெறுங்கையோடு திரும்பினான் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதும் தொடர். பாத்திரமாகவோ நாணயமாகவோ அடிக்கப்படாத வெள்ளிக்கட்டி ‘இன்ஃபெக்தும்’. ரோமானிய நகைச்சுவை நாடகாசிரியர் பிளாட்டஸின் ஒரு நாடகத்தில், நடந்தது நடந்துவிட்டது, அதை இன்ஃபெக்தும் ஆக்க முடியாது என்கிறான் ஒருவன். இது ஒரு பக்கம். மறுபக்கம் ‘இன்ஃபிக்கியோ’ என்று ஒரு வினை இருக்கிறது: உள்ளே இடுதல், அதாவது சாயத்தொட்டிக்குள் கம்பளியை முக்குதல். முக்கி எடுத்தால் நிறம் ஏறும். நிறம் ஏறுவதிலிருந்து கறை படிதல், கறையிலிருந்து நஞ்சு ஏறுதல், அங்கிருந்து நோய் தொற்றுதல். இன்று மருத்துவமனையில் நாம் சொல்லும் ‘இன்ஃபெக்‌ஷன்’ சாயப்பட்டறையிலிருந்து கிளம்பி வந்தது. இந்த வினையின் எச்சமும் இன்ஃபெக்துஸ்தான்: சாயமேறியது. செய்யப்படாததும் சாயமேறியதும் எழுத்தில் ஒன்று. ‘இன்ஃபெக்தா ரே’ என்பதைத் ‘தொற்று ஏற்பட்ட பொருளோடு’ என்று மொழிபெயர்த்த தேர்வுத்தாள்களை நான் திருத்தியிருக்கிறேன். பாதி மதிப்பெண் போட்டுவிடுவேன், ஏனென்றால் யோசித்திருக்கிறார்கள்.

இதேபோல் ‘இந்திக்துஸ்’. போர் இந்திக்தும் என்றால் அறிவிக்கப்பட்ட போர். ‘இந்திக்தா கௌசா’ என்றால், வழக்கைச் சொல்ல விடாமலே, தன் தரப்பு வாதம் கேட்கப்படாமலே ஒருவனைத் தண்டிப்பது, ரோமானியப் பேச்சாளர் சிசரோவிடம் பார்க்கலாம். முன்னது அறிவித்தது, பின்னது சொல்லாதது. ‘இம்மூத்தாத்துஸ்’ மாறியது என்றும் வரும், மாறாதது என்றும் வரும். இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் என்று நினைக்க வேண்டாம். ரோமானியர் இதை வைத்துச் சிரித்தார்கள். பிளாட்டஸின் ‘காப்தீவி’ நாடகத்தில் முன்னுரை முடிந்ததும் மேடைக்கு முதலில் வருகிறவன் எர்காசிலுஸ் என்ற ஒட்டுண்ணி. அழைப்பில்லாமல் அடுத்தவர் வீட்டு விருந்தில் போய் உட்காருவதே அவன் பிழைப்பு. ஊர் இளைஞர்கள் தனக்குத் ‘தாசி’ என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்கிறான். ஏன்? தான் விருந்துகளில் எப்போதும் ‘இன்வொகாத்துஸ்’. அழைக்கப்படாதவன். தாசிக்கும் அதே சொல்: காய் உருட்டும் காதலன் அதிர்ஷ்டத்துக்காக அவள் பெயரைச் சொல்லி அழைப்பான். அழைக்கப்பட்டவளா இல்லையா, நீங்களே சொல்லுங்கள் என்று பார்வையாளர்களைக் கேட்கிறான். அந்தச் சிரிப்பு முழுவதும் இரண்டு இன்-களின் மேல் நிற்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் அனைவரும் இந்த இடத்தில் திண்டாடுவார்கள்.

சரி, ஒலியிலாவது ஒரு துப்புக் கிடைக்காதா என்றால், கிடைக்காது. இன்- தன் பின்னால் வரும் மெய்க்கு ஏற்ப மாறும்: ப, ம முன் இம்-, ல முன் இல்-, ர முன் இர்-. தமிழருக்கு இதைக் கற்பிக்கவே வேண்டியதில்லை. மரம் கள்ளோடு சேர்ந்தால் மரங்கள் ஆவதும், க-வுக்கு ங, த-வுக்கு ந, ப-வுக்கு ம என்று இனமெய் வருவதும் நம் நாக்கில் ஊறியவை. (இந்திக்துஸ் என்று எழுதும்போது என் கை தானாகவே ‘ன்’னை விட்டு ‘ந்’துக்குப் போனதைக் கவனித்திருப்பீர்கள்.) ஆனால் இந்த மாற்றம் இரண்டு இன்-களுக்கும் ஒரேமாதிரி நடக்கிறது. நெட்டெழுத்தும் உதவாது. கி.மு. 46இல் எழுதிய ‘ஓராத்தோர்’ நூலில் சிசரோ இதைப் பற்றியே பேசுகிறார்: இந்தோக்துஸ் என்பதில் முதல் எழுத்தைக் குறிலாகவும், ஈன்சானுஸ் என்பதில் நெடிலாகவும் சொல்கிறோம், இன்ஹூமானுஸ் குறில், ஈன்ஃபேலிக்ஸ் நெடில். அவர் கொடுக்கும் நான்கும் எதிர்மறைச் சொற்கள். அடுத்து வருவது ஸ அல்லது ஃப என்றால் நீளும், இல்லையென்றால் நீளாது, அவ்வளவுதான். பொருளுக்கு இதில் பங்கில்லை. (கேள்வி கேட்டவர் குறிலாக எழுதியிருந்ததால், பழக்கமான வடிவத்தையே மற்ற இடங்களில் வைத்துக்கொண்டேன்.)

கூட்டுச்சொல்லைப் பிரிக்க முடியாமல் போவதற்கு இன்-ஐவிடப் பெரிய காரணம், பின்னால் நிற்கும் வேர்ச்சொல் முகம் மாறிவிடுவது. ‘அமீக்குஸ்’ நண்பன், ‘இனிமீக்குஸ்’ பகைவன். ‘ஆப்துஸ்’ பொருத்தமானவன், ‘இனெப்துஸ்’ அசடு. ‘ஆர்மா’ ஆயுதங்கள், ‘இனெர்மிஸ்’ நிராயுதபாணி. ‘ஐக்வுஸ்’ சமமானது, ‘இனீக்வுஸ்’ சமனற்றது, நியாயமற்றது. மிகப் பழைய இலத்தீனில் அழுத்தம் எப்போதும் முதல் அசையில் விழுந்தது. அதனால் அடுத்த அசையின் உயிர் தேய்ந்து போயிற்று என்பது மொழியியலாளர் தரும் விளக்கம். எனக்குப் பிடித்தது ‘இன்சுல்சுஸ்’. ‘சால்சுஸ்’ என்றால் உப்பிட்டது. அதோடு நகைச்சுவை உள்ளது என்றும் பொருள். இன்சுல்சுஸ் என்றால் உப்பில்லாதது, அதாவது அசட்டுத்தனமானது. உப்புச் சப்பில்லாத பேச்சு என்று நாம் சொல்வதை ரோமானியனிடம் விளக்க வேண்டிய தேவையே இல்லை.

முன்னொட்டைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டாலும், பொருள் கணக்குக் கூட்டல்போல் வராது. தமிழில் கொள் என்ற வினைக்கு முன் உள், மேல், எதிர் சேர்த்து உட்கொள், மேற்கொள், எதிர்கொள் என்கிறோம். மேலே எதையும் கொள்ளாமலே ஒருவர் பயணம் மேற்கொள்கிறார். இலத்தீனிலும் அப்படித்தான். ‘வெனியோ’ வருகிறேன், ‘இன்வெனியோ’ ஒன்றின்மேல் வந்துவிழுகிறேன், ஆகவே கண்டுபிடிக்கிறேன். ‘பேஸ்’ பாதம், ‘இம்பெதியோ’ காலைச் சிக்கவைக்கிறேன், தடுக்கிறேன், சீசர் தன் படையின் மூட்டை முடிச்சுகளை ‘இம்பெதீமெந்தா’ என்று எழுதுவதைப் படிக்கும்போதெல்லாம் நான் குடும்பத்தோடு ரயில் ஏறுவதுதான் நினைவுக்கு வரும். ‘விதெயோ’ பார்க்கிறேன், ‘இன்விதெயோ’ ஒருவன்மேல் கண் வைக்கிறேன், பொறாமைப்படுகிறேன். அடுத்தவன் செல்வத்தை அளவுக்கு மீறி உற்றுப் பார்ப்பதிலிருந்து இந்தச் சொல் வந்தது என்று சிசரோவே விளக்கம் தருகிறார். முத்தங்களின் எண்ணிக்கையைக் கலைத்துவிடுவோம், தெரிந்தால் எவனாவது கெட்டவன் இன்விதெயோ செய்துவிடுவான் என்று கவிஞர் கதுல்லுஸ் காதலியிடம் பாடுவது கண்ணேறுக்குப் பயந்துதான். இதன் எச்சமான ‘இன்வீசுஸ்’ என்றால் வெறுக்கப்பட்டவன். அதே எழுத்தில் எதிர்மறை இன்- சேர்ந்த இன்னொரு இன்வீசுஸும் உண்டு: பார்க்கப்படாதது.

இனிச் சந்தேகத்துக்குரியவை. ‘இக்னோஸ்கோ’, மன்னிக்கிறேன், என்ற வினையில் நோஸ்கோ (அறிகிறேன்) இருப்பது தெரிகிறது. முன்னால் நிற்பது எந்த இன்- என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ‘அறியாததுபோல் விட்டுவிடுவது’ என்ற பழைய விளக்கம் கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் எதிர்மறை இன்- வினைமுற்றில் ஒட்டாது என்ற விதி அதன் குறுக்கே நிற்கிறது. ‘இன்சுலா’, தீவு, ‘கடலுக்குள் இருப்பது’ என்ற விளக்கமும், ‘இம்பெகில்லுஸ்’, பலவீனன், ‘ஊன்றுகோல் இல்லாதவன்’ என்ற விளக்கமும் இதே ரகம்: பழமையானவை, பிரபலமானவை, நிரூபிக்கப்படாதவை. வகுப்பில் கதையாகச் சொல்லலாம். தேர்வில் உறுதியாக எழுதக் கூடாது. வேறு சில சொற்கள் இன்-ஐப்போல் தோன்றி ஏமாற்றும். ‘இன்ஃப்ரா’, கீழே, என்பதில் முன்னொட்டே கிடையாது. ‘இந்திகெனா’, அந்த மண்ணிலேயே பிறந்தவன், என்பதில் இருப்பது ‘இந்து’ என்ற பழைய வடிவம். அதன் பொருளும் உள்ளே என்பதுதான், ஆனால் ‘இன்’ என்று வெட்டினால் மீதி வேர் தப்பாகிவிடும்.

கேள்வி கேட்டவருக்கு நான் சொல்லக்கூடிய நடைமுறை இது. புதிய சொல் வந்தால் இன்-ஐ விரலால் மறைத்துக்கொண்டு மிச்சத்தைப் பாருங்கள். அது வினைமுற்றா, பெயரடையா, எச்சமா என்று கேளுங்கள். எச்சமானால், இன்-ஓடு சேர்ந்த வினைமுற்று அகராதியில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ‘இல்லை’ என்றே கொள்ளலாம். இருந்தால் வாக்கியத்தைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை. உங்கள் பட்டியலைக் கிழிக்க வேண்டாம். அந்த ஒரு வரியை மட்டும் இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

நெடுஞ்சாலையில் பெட்ரோல் டேங்கர் லாரியின் பின்னால் ‘ஹைலி இன்ஃப்ளேமபிள்’ என்று எழுதியிருப்பதை எல்லோரும் பார்த்திருப்பார்கள். இலத்தீனின் ‘இன்ஃப்ளம்மோ’, தீ மூட்டுகிறேன், என்ற வினையின் வழிவந்தது. எளிதில் தீப்பற்றும் என்று பொருள். ஆங்கிலம் பேசுகிறவர்களே இதைத் தீப்பற்றாது என்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சத்தில், இருபதாம் நூற்றாண்டில் பல நாடுகளில் இன்-ஐ வெட்டிவிட்டு வெறும் ‘ஃப்ளேமபிள்’ என்று எழுதத் தொடங்கினார்கள். நம் லாரிகளில் பழைய சொல்லே இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னால் போகிறவர்கள் கொஞ்சம் இடைவெளி விட்டே ஓட்டுங்கள்.